இனிக் காகிதத்தில் ஆர்டர் இல்லை

வணிகம் வந்த வழி – அத்தியாயம் 14

சென்ற அத்தியாயத்தை பெர்லினில் நிறுத்தியிருந்தோம். 1948 ஜூனில் சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், படகுப் பாதைகளை அடைத்துவிட்டன. 20 லட்சத்துக்கும் அதிகமான மக்களுக்கு மாவும் நிலக்கரியும் விமானத்தில்தான் வந்தாக வேண்டும் என்ற நிலை. 1949 செப்டம்பர் வரை 2,77,000 நடைகளுக்கு மேல் பறந்து, ஏறத்தாழ 23 லட்சம் டன் சரக்கை இறக்கினார்கள். விமானிகளின் துணிச்சலைப் பற்றிச் சினிமாவே எடுத்திருக்கிறார்கள். நம் கதைக்கு வேண்டியவர் தரையில் இருந்தார். சரக்குப் போக்குவரத்தைக் கவனித்த எட்வர்ட் கில்பர்ட்தான் அவர்.

ஒவ்வொரு தளத்திலிருந்தும் சரக்குப் பட்டியல் ஒவ்வொரு வடிவத்தில் வந்தது. படித்துப் புரிந்துகொள்வதற்குள் அடுத்த விமானம் இறங்கிவிடும். கில்பர்ட்டும் உடன் இருந்தவர்களும் எல்லோருக்கும் பொதுவான ஒரு பட்டியல் வடிவத்தை வகுத்தார்கள். எந்தத் தகவல் எந்த இடத்தில் வரும் என்பது முன்கூட்டியே முடிவானதால், டெலக்ஸ், ரேடியோ, தொலைபேசி என எந்த வழியில் அனுப்பினாலும் மறுமுனையில் அதே பட்டியல் உருவானது.

போர்க்காலம் போன்ற அந்த நெருக்கடியில் பிறந்த யோசனை வியாபாரத்துக்குள் நுழைந்ததும், வாங்குபவருக்கும் சப்ளை செய்பவருக்கும் இடையிலான உறவை எப்படியெல்லாம் மாற்றியது என்பதே இந்த அத்தியாயம்.

ஓர் ஆர்டரின் உள்ளே

ராணுவத்திலிருந்து வெளியே வந்த கில்பர்ட், டூபான்ட் ரசாயன நிறுவனத்தில் சேர்ந்தார். 1960-களில் டூபான்டும் அதன் ரசாயனங்களை டேங்கர் லாரிகளில் ஏற்றிச் சென்ற நிறுவனமும் சரக்குத் தகவலை மின்வழியில் பரிமாறத் தொடங்கின. 1968-ல் அமெரிக்காவின் ரயில், லாரி, கப்பல், விமானப் போக்குவரத்துத் துறையினர் சேர்ந்து போக்குவரத்துத் தரவு ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தார்கள். அதை நடத்தியவரும் கில்பர்ட்தான். குழுவின் முதல் தரநிலைகள் 1975-ல் வெளிவந்தன. 1979-ல் அமெரிக்கத் தேசியத் தர நிறுவனமான ஆன்சி, எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான தரநிலை வகுக்க எக்ஸ்12 என்ற குழுவை நியமித்தது. மின்னணுத் தரவுப் பரிமாற்றம், சுருக்கமாக இ.டி.ஐ., இப்படித்தான் நிலைபெற்றது.

எக்ஸ்12 செய்த வேலையைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஆர்டரைப் பிரித்துப் பார்த்தால் போதும். ஒவ்வொரு வகை ஆவணத்துக்கும் ஒரு எண் உண்டு. கொள்முதல் ஆணை 850. ஆணை கிடைத்தது, இந்த அளவு தருகிறேன் என்று சப்ளையர் சொல்வது 855. லாரி புறப்பட்டதும் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று முன்னறிவிப்பது 856. பில் 810. அனுப்பிய செய்தி பிழையில்லாமல் வந்து சேர்ந்தது என்று கணினியே கணினிக்குச் சொல்லும் ஒப்புகை 997.

850-க்குள் ஒரு பொருளுக்கான வரி இப்படி இருக்கும்: பிஓ1*1*100*சிஏ*12.50. முதலில் அந்த வரியின் பெயர், பிறகு வரிசை எண், 100 என்ற அளவு, பெட்டிக் கணக்கில் என்பதற்கான குறி, கடைசியில் ஒரு பெட்டியின் விலை. இடையில் நிற்கும் நட்சத்திரக் குறிகள் ஒரு தகவல் முடிந்து அடுத்தது தொடங்குவதைக் காட்டுகின்றன. ஆணையின் இறுதி வரியில் மொத்தம் எத்தனை வரிகள் என்ற எண்ணிக்கை இருக்கும். வழியில் ஒரு வரி தொலைந்திருந்தால் எண்ணிக்கை இடிக்கும். பெறும் கணினி அந்த ஆணையை ஏற்காது. மனிதர் யாரும் படிக்காமலே ஓர் ஆர்டர் ஒரு நிறுவனத்தின் கணினியிலிருந்து இன்னொன்றின் கணினிக்குள் போய் உட்கார முடிந்தது இந்தக் கட்டுப்பாட்டால்தான்.

இதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஒருவரோடு ஒருவர் போட்டி போடும் நிறுவனங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, அளவு எங்கே, விலை எங்கே என்று ஒப்புக்கொண்டன. சாதனை அதுதான்.

கம்பியைப் போட்டவர் யார்?

பொதுத் தரநிலை வருவதற்கு முன்பே இந்த வழியில் இறங்கியது அமெரிக்கன் ஹாஸ்பிடல் சப்ளை என்ற நிறுவனம். ஃபாஸ்டர் மெக்கா 1922-ல் இல்லினாய் மாநிலத்தில் தொடங்கியது. ஊசி, கையுறை, பஞ்சு முதல் சோதனைச்சாலைச் சாமான்கள் வரை மருத்துவமனைகளுக்குத் தேவையான அத்தனையும் விற்றது.

1960-களில் ஸ்டான்ஃபோர்டு மருத்துவ மையத்தில் சாமான்கள் நேரத்துக்கு வராமல் சிக்கல் எழுந்தது. நிறுவனத்தின் மேற்குக் கரை அலுவலகம் ஒரு வழி கண்டுபிடித்தது. பொருளுக்கு ஒன்றாகத் துளையிட்ட அட்டைகளை மருத்துவமனையிடம் கொடுத்துவிட்டது. கொள்முதல் எழுத்தர் எது தீர்ந்ததோ அதற்குரிய அட்டையை எடுத்து, தொலைபேசியோடு இணைந்த கருவியில் செருகுவார். மறுமுனையில், விநியோகக் கிடங்கில், அதே துளைகளோடு ஓர் அட்டை தயாராகும். பட்டியலைக் கையால் எழுதுவதும், தொலைபேசியில் வாசிப்பதும், தவறாகக் காதில் வாங்குவதும் ஒரேயடியாக ஒழிந்தன.

1970-களின் நடுவில் இது ஏசாப் என்ற கணினி முறையாக வளர்ந்தது. பட்டன் தொலைபேசியில் எண்களை அழுத்தி ஆர்டர் போடலாம். அடுத்தடுத்த வடிவங்களில் மருத்துவமனை தன்னுடைய பொருள் எண்களையே பயன்படுத்த முடிந்தது. 1980-களின் தொடக்கத்தில் இரு பக்கக் கணினிகளும் நேரடியாகவே பேசிக்கொண்டன. வணிகக் கல்லூரிகள் எல்லாம் இதைப் பாடமாக வைத்தன. விற்பவர் தன் செலவில் வாங்குபவரின் அலுவலகத்தில் கருவி வைக்கிறார். ஆர்டர் போடுவது சுலபமாகிறது. சுலபமான இடத்திலேயே ஆர்டர்கள் குவிகின்றன. போட்டியாளரால் அருகில் நெருங்க முடியவில்லை.

ஆனால் மருத்துவமனைகளின் தரப்பில் நின்று பாருங்கள். ஒரு சப்ளையரின் கருவியில் பழகிவிட்ட கொள்முதல் அலுவலகம் வேறு ஒருவரிடம் விலை கேட்பதற்கே தயங்கும். ஆளுக்கொரு சப்ளையர் ஆளுக்கொரு கருவி வைத்தாலோ, மேசை முழுக்கக் கருவிகள்தான் இருக்கும். மருத்துவமனைகள் பொதுவான வழி வேண்டும் என்று கேட்கத் தொடங்கின. 1985-ல் பாக்ஸ்டர் டிராவெனால் நிறுவனம் அமெரிக்கன் ஹாஸ்பிடல் சப்ளையை வாங்கியது. அதன்பின், 1980-களின் இறுதியில், மற்ற சப்ளையர்களின் பொருட்களுக்கும் ஆர்டர் போடக்கூடிய முறையை அந்த நிறுவனமே கொண்டுவர நேர்ந்தது. வாங்குபவரைக் கட்டிப்போட்ட கம்பி, வாங்குபவரின் வற்புறுத்தலால் பொதுக் கம்பியானது.

குழந்தைகளின் கணக்கும் கிடங்கின் கணக்கும்

1974 ஜூன் 26 காலை, ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகரில் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் ஒரு ரிக்லி சூயிங்கம் பாக்கெட் ஸ்கேனரைக் கடந்தது. பார்கோடு வழியாகக் கடையில் விற்ற முதல் பொருள் அது. ஸ்கேனர்கள் பரவப் பரவ, எந்தப் பொருள் எந்தக் கடையில் எத்தனை விற்றது என்பது கடைக்காரருக்கு அன்றன்றே தெரியத் தொடங்கியது. தயாரிப்பாளருக்குத் தெரியவில்லை. அவருக்கு வந்தது கடைக்காரர் போட்ட ஆர்டர் மட்டும்தான்.

இந்த இடைவெளி எவ்வளவு செலவு வைத்தது என்பதை பிராக்டர் அண்ட் கேம்பிள் (பி அண்ட் ஜி) தன் பாம்பர்ஸ் டயப்பர் வியாபாரத்தில் கண்டது. குழந்தைகள் டயப்பரை ஏறக்குறைய ஒரே சீராகத்தான் பயன்படுத்துகின்றன. கடைகளின் விற்பனையும் பெரிதாக ஏறி இறங்கவில்லை. கடைகள் மொத்த வியாபாரிக்குப் போட்ட ஆர்டர் அதைவிடக் கூடுதலாக ஆடியது. மொத்த வியாபாரி தொழிற்சாலைக்குப் போட்ட ஆர்டர் இன்னும் அதிகமாக ஆடியது. தொழிற்சாலை தன் மூலப்பொருள் சப்ளையர்களுக்குப் போட்ட ஆர்டரில் அந்த ஆட்டம் உச்சத்தை எட்டியது. மாட்டுவண்டிக்காரர் சாட்டையின் பிடியை லேசாகச் சொடுக்கினால் நுனி எத்தனை தூரம் வீசுகிறதோ அப்படி. நிறுவனத்தார் அதற்குச் சாட்டை விளைவு என்றே பெயர் வைத்தார்கள். ஹாவ் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 1997-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உலகம் முழுவதும் அந்தப் பெயர் நிலைத்தது.

காரணம் லகுவானது. ஒவ்வொருவரும் தனக்கு அடுத்திருப்பவரின் ஆர்டரை மட்டும் பார்த்து ஊகிக்கிறார். தட்டுப்பாடு வரும் என்று பயந்து கூட்டிப் போடுகிறார். தள்ளுபடி வந்தால் மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்குகிறார். கடைசியில் யாருடைய கிடங்கிலும் இருக்க வேண்டிய அளவு சரக்கு இல்லை.

பி அண்ட் ஜி-க்கும் வால்மார்ட்டுக்கும் இடையே அதுவரை இருந்தது பேரம் மட்டுமே. பி அண்ட் ஜி-யின் ஒவ்வொரு பிரிவும் தனித்தனி விற்பனையாளரை அனுப்பும். வால்மார்ட்டின் கொள்முதல்காரர் ஒவ்வொருவரிடமும் விலையைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுவார். 1987-ல் பி அண்ட் ஜி-யின் விற்பனைத் துணைத் தலைவர் லூ பிரிட்செட், ஒரு பொது நண்பரின் ஏற்பாட்டில், வால்மார்ட்டை நிறுவிய சாம் வால்டனோடு ஆர்கன்சாவின் ஸ்பிரிங் ஆற்றில் படகில் போனார். இரண்டு நிறுவனங்களும் ஒரே வாடிக்கையாளருக்காக உழைத்தும் தகவலைப் பகிராமல் இருப்பது எவ்வளவு வீண் என்பது அந்தப் பயணத்தில் பேசப்பட்டது. இரு பக்கத்து மேலதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டு, வால்மார்ட் தலைமையகத்துக்குப் பக்கத்து ஊரான ஃபயட்வில்லில் பி அண்ட் ஜி ஒரு குழுவைக் குடியேற்றியது. விற்பனையாளர்கள் மட்டும் இல்லை. கணக்கு, சரக்குப் போக்குவரத்து, கணினி, உற்பத்தி என எல்லாத் துறை ஆட்களும் அதில் இருந்தார்கள்.

அதன் பிறகு டயப்பருக்கு ஆர்டர் போடும் வேலையை வால்மார்ட் விட்டுவிட்டது. கடைகளின் விற்பனைக் கணக்கும் கிடங்கின் இருப்பும் பி அண்ட் ஜி-யின் கணினிக்குப் போயின. எப்போது எவ்வளவு அனுப்புவது என்று பி அண்ட் ஜி-யே தீர்மானித்தது. ஆர்டருக்குப் பதில் கணக்கு போனது. கணக்கைப் பார்த்துச் சரக்கு வந்தது. அதே 1987-ல் வால்மார்ட் தன் கடைகளையெல்லாம் இணைக்கும் தனியார் செயற்கைக்கோள் வலையமைப்பை முடித்திருந்ததும், 1991-ல் ரீட்டெய்ல் லிங்க் என்ற முறையில் மற்ற சப்ளையர்களுக்கும் தன் விற்பனைக் கணக்கைத் திறந்ததும் இந்த வழியை அகலமாக்கின.

இங்கே வால்மார்ட் விட்டுக்கொடுத்தது என்ன என்று யோசிக்க வேண்டும். தன் கடையில் என்ன விற்கிறது என்பது ஒரு வியாபாரி யாரிடமும் சொல்லாத ரகசியம். பேரத்தில் அதுதான் அவருடைய பிடி. அதைச் சப்ளையரின் கையில் கொடுப்பதற்குக் கம்பி மட்டும் இருந்தால் போதாது.

ஒரே நகரம், இரண்டு பாதைகள்

அடுத்த காட்சி டெட்ராய்ட். அமெரிக்க மோட்டார் நிறுவனங்கள் 1982-ல் தங்கள் தொழிலுக்கென ஒரு கூட்டமைப்பை உருவாக்கி, தரநிலைகளை ஒன்றாக வகுத்தன. வரும் வாரங்களில் எவ்வளவு வேண்டும் என்ற திட்டம் 830, எந்த நாளில் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்ற அட்டவணை 862 என்று எண்கள் எல்லோருக்கும் பொதுவாயின.

கணினி வந்ததால் மட்டும் காகிதம் குறையாது என்பதை உணர்ந்தது ஃபோர்டு. வட அமெரிக்காவில் அதன் சப்ளையர் பில்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் 500-க்கும் அதிகமானவர்கள் வேலை பார்த்தார்கள். ஃபோர்டு பங்கு வைத்திருந்த ஜப்பானின் மாஸ்டாவில் அதே வேலைக்கு 5 பேர். கம்பெனியின் அளவு வேறு என்று சமாதானம் சொன்னாலும் வித்தியாசம் மலைக்க வைத்தது. கொள்முதல் ஆணை, சரக்கு வந்த ரசீது, பில் ஆகிய மூன்றிலும் 14 விவரங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதும், பொருந்தாதவற்றைத் துரத்துவதுமே ஃபோர்டு ஊழியர்களின் பொழுதை விழுங்கியது. எனவே பில்லையே ஒழித்தார்கள். கணினியில் உள்ள ஆணையோடு வாசலில் வந்து இறங்கிய சரக்கு பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தினால் பணம் போகும். ஒப்பிட வேண்டியவை மூன்றாகச் சுருங்கின: பாகத்தின் எண், அளவு அலகு, சப்ளையர் குறியீடு. ஆட்களின் எண்ணிக்கை 75 சதவீதம் குறைந்தது. மைக்கேல் ஹாமர் 1990-ல் இதை எழுதியபோது நிர்வாக உலகமே திரும்பிப் பார்த்தது.

கிரைஸ்லரின் லாபக் கணக்கையும் ஆய்வாளர்கள் போட்டுப் பார்த்தார்கள். அதன் அசெம்பிளி ஆலைகளின் பத்தாண்டுத் தரவை வைத்து முகோபாத்யாயும் சகாக்களும் 1995-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இ.டி.ஐ. மூலம் ஒரு காருக்கு 100 டாலருக்கு மேல் மிச்சமானது. மொத்தத்தில் ஆண்டுக்கு 22 கோடி டாலர்.

இதே ஆண்டுகளில் இரண்டு நிறுவனங்கள் சப்ளையர்களிடம் எப்படி நடந்துகொண்டன என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் சாரம் இருக்கிறது.

1992-ல் ஜெனரல் மோட்டார்ஸின் கொள்முதல் தலைவராக இக்னாசியோ லோபஸ் வந்தார். நடப்பில் இருந்த ஒப்பந்தங்களையே மறுபடி ஏலத்துக்கு விட்டு, இரட்டை இலக்கச் சதவீத விலைக் குறைப்பு கேட்டார். அடுத்த ஆண்டே அவர் ஃபோக்ஸ்வாகனுக்குப் போய்விட்டார். சப்ளையர்களின் மனக்கசப்பு போகவில்லை.

கிரைஸ்லர் எதிர்த்திசையில் நடந்தது. சப்ளையர்களின் எண்ணிக்கையை 1989-ல் இருந்த 2,500-லிருந்து 1996-க்குள் 1,140 ஆகக் குறைத்தது. எஞ்சியவர்களோடு நீண்டகால உறவு வைத்தது. செலவைக் குறைக்க யோசனை சொல்லுங்கள், மிச்சத்தைப் பகிர்ந்துகொள்வோம் என்றது. 1995 இறுதிக்குள் 5,300 யோசனைகள் நடைமுறைக்கு வந்து, ஆண்டுக்கு 170 கோடி டாலருக்கு மேல் மிச்சமானதாக ஆய்வாளர் ஜெஃப்ரி டயர் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டு நிறுவனங்களும் அனுப்பியது அதே 830, அதே 862. பல சப்ளையர்கள் இரண்டு பேருக்குமே சரக்கு கொடுத்தவர்கள். வடிவம் ஒன்று, ஊர் ஒன்று. ஒருவரிடம் சப்ளையர் தன் தொழிற்சாலையின் கணக்கைத் திறந்து காட்டினார், இன்னொருவரிடம் மறைத்தார்.

சிறியவரின் மேசையில்

பெரியவர்களின் மிச்சக் கணக்கில் வராத ஒரு செலவு உண்டு. 1980-களின் பிற்பாதியில் பெரிய சில்லறை நிறுவனங்களும் மோட்டார் நிறுவனங்களும் சப்ளையர்களுக்குக் கடிதம் அனுப்பின: இன்ன தேதிக்குள் இ.டி.ஐ.-க்கு மாறுங்கள், இல்லையேல் வியாபாரம் இல்லை. 20 பேர் வேலை செய்யும் ஒரு பட்டறைக்காரர் மென்பொருள் வாங்க வேண்டும். நடுவில் இருந்து செய்திகளை வாங்கி வைத்துக் கொடுக்கும் வலையமைப்பு நிறுவனத்துக்கு மாதக் கட்டணமும், அனுப்பும் எழுத்துகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணமும் கட்ட வேண்டும். தரநிலை பொதுவானது என்றாலும் ஒவ்வொரு வாங்குபவரும் தனக்கென ஒரு விதிப்புத்தகம் வைத்திருந்தார். ஒருவர் கட்டாயம் என்ற விவரத்தை இன்னொருவர் கூடாது என்றார்.

இத்தனைக்கும் பிறகு பட்டறையில் நடந்தது என்ன? வந்த 850-ஐ அச்சிட்டு எடுப்பார்கள். அந்தத் தாளைப் பார்த்து ஒருவர் தங்கள் கணக்கு முறையில் மறுபடி தட்டச்சு செய்வார். சரக்கு புறப்பட்டதும் 856-ஐ அனுப்ப இன்னொரு முறை தட்டச்சு. வாங்குபவருக்கு வேலை மிச்சமானது, சப்ளையருக்கு இரட்டிப்பானது. 856 தாமதமானாலோ, அதில் சொன்ன பெட்டிக் கணக்கும் வந்த பெட்டியும் பொருந்தாவிட்டாலோ, பில் தொகையில் அபராதம் பிடித்துக்கொண்டார்கள். காகிதச் செலவு ஒழியவில்லை. பெரியவரின் அலுவலகத்திலிருந்து சிறியவரின் மேசைக்கு இடம் மாறியது.

2002-ல் வால்மார்ட் தன் சப்ளையர்களை இணையவழி இ.டி.ஐ.-க்கு மாறச் சொன்னது. இடைத்தரகு வலையமைப்புக்குக் கட்டிய பணம் குறைய வழி பிறந்தது. ஆனால் கடிதத்தின் தொனி மாறவில்லை: மாறுங்கள் என்பதுதான் அப்போதும் செய்தி.

பால் ஹார்ட், கரோல் சாண்டர்ஸ் இருவரும் 1997-ல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இந்த அனுபவத்தைத் தெளிவாக வகுத்துச் சொன்னது. வாங்குபவரின் அதிகாரம் சப்ளையரை இ.டி.ஐ.-க்குள் இழுத்துவிடும், அதற்கு மேல் அந்த வழியில் என்னென்ன தகவல் போகும், எவ்வளவு ஆழமாகப் பயன்படும் என்பதை நம்பிக்கைதான் தீர்மானிக்கும். மிரட்டலுக்குப் பணிந்த சப்ளையர் 850-ஐப் பெறுவார், 810-ஐ அனுப்புவார். அதோடு நிறுத்திக்கொள்வார்.

கிரைஸ்லரின் பின்கதை இதற்குக் கடைசிச் சான்று. 1998-ல் அது டைம்லர்-பென்ஸுடன் இணைந்தது. நஷ்டம் வந்ததும், 2000 டிசம்பரில், புதிய தலைமை சப்ளையர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது: ஜனவரி 1 முதல் விலையில் 5 சதவீதம் குறைப்பு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் மேலும் 10 சதவீதம். யோசனை சொல், பங்கு தருகிறேன் என்று பத்தாண்டுகளாகக் கட்டிய உறவு ஒரு சுற்றறிக்கையில் குலைந்தது. கணினிகள் மாறவில்லை. 830-ம் 862-ம் மறுநாளும் வழக்கம்போலப் போயின. சப்ளையர்கள் தாங்களாகவே யோசனை சொல்ல முன்வரும் மனநிலைதான் போய்விட்டது. அதைத் திரும்ப அனுப்பும்படி கேட்க எக்ஸ்12-ல் எந்த எண்ணும் இல்லை.

ஆகவே வாங்குபவரையும் சப்ளையரையும் இணைக்கும் எந்தப் புதிய முறை வந்தாலும், வரலாறு நம்மைக் கேட்கச் சொல்லும் கேள்விகள் மூன்று. செலவு யாருடையது? மிச்சம் யாருக்கு? தகவல் இரண்டு பக்கமும் போகிறதா? மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்த இடங்களில், துளையட்டையைச் செருகிய காலத்திலேயே வியாபாரம் செழித்தது. பதில் இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் இருந்தும் ஒருவர் அச்சிட்டு இன்னொருவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

(தொடரும்)

அடுத்த அத்தியாயம்: 1989 ஜனவரியில் ஒரு நாட்டின் ஏற்றுமதி, இறக்குமதி அனுமதிகள் முழுவதையும் ஒரே வலைக்குள் கொண்டுவரத் துணிந்த சிங்கப்பூர்.